அகதியின் கையிற் காசு

ஏழையிடம் காசு கொடுத்தால் அதை வீணடிப்பான் என்பது உள்ளவர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் வாதம். 1950இல் பலஸ்தீன அகதிகளிடையே பணி தொடங்கிய ஐ.நா. நிறுவனம் மாவையும் எண்ணெயையும் சீனியையும் அளந்தே கொடுத்தது. அகதி பெறுபவன், தெரிவு செய்பவன் அல்லன்.

இவ்வாதத்தை லெபனான் மலைகள் சோதித்தன. 2014 ஏப்ரிலில் அங்கு பதிவுபெற்ற சிரிய அகதிகள் பத்து லட்சத்தைத் தாண்டினர். அதற்கு முந்திய மாரியில், ஐ.நா. அகதிகள் உயர் ஸ்தானிகராலயமும் அதன் துணை நிறுவனங்களும் குளிர்காப்புக்கென வங்கி அட்டைமூலம் குடும்பமொன்றுக்கு 575 டொலர் வழங்கின. நிதி போதாமையால், 500 மீற்றருக்கு மேல் வாழ்ந்தோருக்கே கொடுத்தன. கோட்டுக்குச் சற்றுக் கீழே வாழ்ந்தோருக்கு ஒன்றுமில்லை; வறுமையோ இரு சாராருக்கும் ஒன்றே. இவ்விரு சாராரையும் ஒப்பிட்டே சர்வதேச மீட்புக் குழு 2014இல் தன் ஆய்வை வெளியிட்டது.

காசு வீணானதற்குச் சான்றில்லை. சிறுவர் உழைப்புக் குறைந்தது. பள்ளி செல்வோர் கூடினர். சந்தையில் விலை குறிப்பிடத்தக்க அளவு ஏறவில்லை. கொடுத்த ஒவ்வொரு டொலரும் லெபனான் பொருளாதாரத்தில் 2.13 டொலராகப் பெருகியது.

ஆயினும், குளிர்காயக் கொடுத்த காசிற் பெரும்பகுதி உணவுக்கும் தண்ணீருக்குமே சென்றது. பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இடைவிடாது குளிர்காய முடியவில்லை என்றனர். இது அகதியின் பொறுப்பின்மையா? அன்று, பசி குளிரை முந்தியது. தவறியது அவன் கணக்கன்று, கொடுத்தவர் கணக்கே. வறுமை மலையின் உயரம் பார்த்து வருவதில்லை.