நெருக்கி விட்ட குளங்களின் கதை



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். காபித் தோட்டத்து ஓரத்தில் தார்ப்பாய்த் தொட்டி கட்டி மீன் வளர்க்கப் போகிறானாம். "ஆயிரம் குஞ்சு விடுற இடத்துல மூவாயிரம் விட்டா லாபமும் மூணு மடங்குதானே சார்?" என்றான். கணக்கு சரி. ஆனால் இதே கணக்கை நம் கடற்கரை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறது. அந்த வரலாற்றை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் ஏற்றுமதிக்காக டைகர் இறால் பண்ணைகள் பெருகின. குஞ்சுகளை நெருக்கி விட்டு, தீவனம் கொட்டி வளர்த்தார்கள். முதலில் நல்ல காசு. 1994 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. கிருமி புகுந்த குளத்தில் பத்து நாளுக்குள் பெரும்பாலான இறால் செத்து ஒதுங்கியது. ஒரு பண்ணை வெளியேற்றிய தண்ணீரை அடுத்த பண்ணை உள்ளே இழுத்தது; நோயும் கூடவே போனது. அதற்கு இன்றும் மருந்து இல்லை.

அதே காலத்தில், விளைநிலமும் குடிநீரும் உப்பாகின்றன என்று காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று அவர் வழக்கில் தீர்ப்பு வந்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச்சட்டமே வந்தது. 2009-ல் வனாமி இறாலை அனுமதித்தபோது, சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள்.

ஏன் வரம்பு? நெருக்கம் கிருமியை உண்டாக்குவதில்லை; வந்த கிருமிக்கு வழி விடுகிறது. மிச்சத் தீவனமும் கழிவும் அழுகி அம்மோனியா ஏறும். விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கும். உயிர் சோர்ந்து எதிர்ப்புச் சக்தி குறையும். அறுபது பிள்ளைகள் அடைந்திருந்த என் வகுப்பில் ஒருவனுக்கு மெட்ராஸ் ஐ வந்தால், அந்த வாரமே பாதி பெஞ்சு காலியாகிவிடும். நினைவிருக்கிறதா?

மீனுக்கும் இதே பாடம்தான். நெருக்கிய தொட்டி காற்று மோட்டாரை நம்பியே உயிர் வாழும். மழைக்காற்று அடித்தால் நம் மலையில் கரண்ட் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், தம்பி. மோட்டார் நின்ற சிறிது நேரத்தில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும்.

முதல் வருடம் ஆயிரமே விடு. அது பிழைத்து வளர்ந்தால் அறுவடையன்று என்னையும் கூப்பிடு, வருகிறேன்.