தாத்தா பாட்டியின் பழைய போட்டோவை செல்போனில் நகலெடுப்பது எப்படி?

வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியின் ஒரே போட்டோ வெளுத்துக்கொண்டே வருகிறதா? மழைக்கால ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கலாம். இன்றே செல்போனில் நகல் எடுத்துவிடுங்கள்.

முதலில் கேமரா லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். போட்டோவை ஃப்ரேமிலிருந்து கழற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே எடுங்கள். நேரடி வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெள்ளைத் திட்டு விழும். செல்போன் சாயாமல், போட்டோவுக்கு நேராக இருக்கட்டும். சாய்ந்தால் படம் கோணலாகிவிடும். ரொம்பக் கிட்டே போனால் நிழல் விழும். சற்றுத் தள்ளிப் பிடித்து, திரையில் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, நாலைந்து படம் எடுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது.

போட்டோவின் பின்புறத்தையும் மறக்காமல் எடுங்கள். பெயரும் தேதியும் அங்கேதான் எழுதி வைத்திருப்பார்கள்.