சைமன், ஹெர்பர்ட் அலெக்சாண்டர் (1916–2001)

அமெரிக்க அறிஞர். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியை நிர்வாகவியல், பொருளாதாரம், உளவியல், கணினி அறிவியல் ஆகிய நான்கு துறைகளிலும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1916 ஜூன் 15 அன்று பிறந்தார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது, சொந்த ஊரின் விளையாட்டுத் திடல்கள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்று ஆராயப் போனார். பள்ளி வாரியமும் நகரப் பொதுப்பணித் துறையும் சேர்ந்து அவற்றை நடத்தின. பராமரிப்புக்கு எவ்வளவு, விளையாட்டு நடத்துவோருக்கு எவ்வளவு என்பதில் இழுபறி. கடைசி டாலர் எங்கே கூடுதல் பயன் தரும் என்று பார்த்துப் பிரிக்கச் சொன்னது பாடநூல். அங்கே யாரும் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. தத்தம் துறையின் நோக்கமே ஒவ்வொருவருக்கும் அளவுகோல். பாடநூலுக்கும் அலுவலகத்துக்கும் இடையே கண்ட இந்த இடைவெளியிலிருந்துதான் சைமனின் சிந்தனை முழுவதும் கிளைத்தது.

1943-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டை விரித்து 1947-இல் 'அட்மினிஸ்ட்ரேடிவ் பிஹேவியர்' என்ற நூலாக்கினார். எல்லா வழிகளையும் அறிந்து, அவற்றுள் மிகச் சிறந்ததைத் தேர்பவன் மனிதன் என்பது அன்றைய பொருளாதாரத்தின் அடிப்படை. அதற்கு வேண்டிய தகவலும் நேரமும் கணக்கிடும் திறனும் எவருக்கும் கிடையாது என்றார் சைமன். 1955-இல் எழுதிய கட்டுரையில் அவர் காட்டும் உதாரணம் வீடு விற்பவர். இதற்குக் குறைந்து விற்பதில்லை என்று மனத்தில் ஒரு விலையை வைத்திருக்கிறார். அதை எட்டும் விலை வந்ததும் கொடுத்துவிடுகிறார். போதுமானது கிடைத்ததும் தேடலை நிறுத்தும் இந்த இயல்பைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ அவர் கருதவில்லை. வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு அது. மனிதரைத் தாழ்த்தாமல் உள்ளபடி காட்டியதே இந்தக் கொள்கையின் பெருமை.

1949 முதல் பிட்ஸ்பர்க்கில், பின்னாளில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமான நிறுவனத்தில் பணியாற்றினார். அங்கே சிந்தனையையே நிரலாக எழுத முனைந்தார். ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோருடன் உருவாக்கிய 'லாஜிக் தியரிஸ்ட்', கணினியில் ஓடுவதற்கு முன்பே 1956 ஜனவரியில் அட்டைகளில் எழுதிச் சோதிக்கப்பட்டது. வீட்டாரும் மாணவர்களும் ஆளுக்கொரு துணைநிரலாக நின்றார்கள். ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய 'பிரின்கிப்பியா மேத்தமேட்டிகா'வின் இரண்டாம் அத்தியாயத்திலுள்ள 52 தேற்றங்களில் 38-ஐ அந்த நிரல் நிறுவியது. பத்தாண்டுக்குள் கணினி உலகச் சதுரங்க வாகை சூடும் என்று சைமன் அடுத்துச் சொன்ன கணிப்பு தவறியது; உலக வாகையர் காஸ்பரோவை 'டீப் புளூ' கணினி வென்றது 1997-இல்தான்.

சதுரங்கம் வேறு வகையில் அவருக்குக் கைகொடுத்தது. வில்லியம் சேஸுடன் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்ட நிலை ஒன்றை ஐந்து விநாடி மட்டும் காட்டிக் காய்களை மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டமென்றால் வல்லுநர் எளிதில் முந்தினார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அந்த மேன்மை பெரும்பாலும் மறைந்தது. தேர்ச்சி என்பது பொதுவான நினைவாற்றல் அல்ல, ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் சேர்ந்த அமைப்புகளின் களஞ்சியம் என்று இதனால் தெளிவாயிற்று.

1975-இல் நியூவெல்லுடன் டூரிங் விருதும், 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் பெற்றார். 2001 பிப்ரவரி 9 அன்று பிட்ஸ்பர்க்கில் மறைந்தார். அடுத்த ஆண்டு நோபல் பெற்ற டேனியல் கானமன், வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு என்ற சைமனின் கருத்தையே தம் நோபல் உரையின் தலைப்பில் வைத்தார்.