இயற்கையா, இரசாயனமா? புளோரைட்டின் கதை



"பற்பசையில் இருக்கும் புளோரைட்டு விஷம். பிள்ளைகளுக்கு இயற்கையானதையே கொடுங்கள்." இப்படியான செய்திகள் எமது பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. சிலர் பற்பசையை நிறுத்திவிட்டு உமிக்கரிக்கும் உப்புக்கும் மாறிவிட்டார்கள். பிள்ளைமீதுள்ள அக்கறைதான் காரணம், அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் முடிவெடுக்க முன் இதன் வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம்.

1901இல் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். அங்கே வளர்ந்த பலரின் பற்களில் கபில நிறக் கறை இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பற்களில் சூத்தை குறைவு. காரணம் தெரியவர 30 வருடங்கள் சென்றன. 1931இல்தான், குடிநீரில் இயற்கையாகவே கூடியிருந்த புளோரைட்டே காரணம் எனக் கண்டறிந்தார்கள். பிறகு ட்ரென்ட்லி டீன் என்ற வைத்தியர் பல ஊர்களின் நீரையும் பிள்ளைகளின் பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருந்தால் சூத்தையும் குறைவு, கறையும் பெரிதாக இல்லை. 1945இல் கிராண்ட் ரெபிட்ஸ் நகரம் உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் அளவாகப் புளோரைட்டைச் சேர்த்தது. பற்பசையில் அது பரவலானது அதற்குப் பின்னர்தான்.

இப்போது எமது நாட்டுக்கு வருவோம். இங்கே குழாய்நீரில் யாரும் புளோரைட்டு சேர்ப்பதில்லை. ஆனாலும் அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர் வலய மாவட்டங்களில் பல பிள்ளைகளின் பற்களில் அதே கறை இருக்கிறது. பாறையிலிருந்து கிணற்றுநீரில் கரைந்து வந்தது அது. எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்யவில்லை. நாம் தினமும் குடிக்கும் தேயிலையிலும் புளோரைட்டு உண்டு. ஆகவே "இயற்கையா, இரசாயனமா" என்று கேட்பதைவிட "எவ்வளவு" என்று கேட்பதே சரி.

மிஸ்வாக் எமது நபி (ஸல்) அவர்களின் சுன்னத். அதை விடச் சொல்லி எந்தப் பல் வைத்தியமும் கேட்கவில்லை. மிஸ்வாக் பல்லில் படியும் அழுக்கை அகற்றும். புளோரைட்டு, அமிலம் அரிக்கும் பல்லின் மேற்படையை மீண்டும் உறுதியாக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். உமிக்கரி அப்படியல்ல, அது அந்த மேற்படையைத் தேய்த்துவிடும். தேய்ந்தது திரும்ப வளராது.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு அரிசி அளவு பற்பசை போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். இரவில் தீட்டிய பிறகு சீனி கலந்த பால் வேண்டாம். உலர் வலயத்தில் கிணற்றுநீர் குடிப்பவர்கள் நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பல்வலியோடு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பாடமும் ஏறாது. அதை நாம் ஆசிரியர்கள் ஒவ்வொரு தவணையிலும் பார்க்கிறோம். அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால், பிறருக்கு அனுப்ப முன் ஒரு பல் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வோம்.