தந்தி எழுத்தர் போதோவும் சீரியல் போர்ட்டும்

பழைய கணிப்பொறியின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்பது ஊசிகள் கொண்ட அந்தப் பொருத்துவாய் நினைவிருக்கும். அதன் பெயர் சீரியல் போர்ட். மோடமும் சில பிரிண்டர்களும் அதில் மாட்டப்பட்டன. அதன் வேகத்தை 9600 பாட் என்பார்கள். இந்தப் 'பாட்' ஒரு மனிதரின் பெயர். அவர் பிரெஞ்சுக்காரர், நம்மைப்போல் அரசாங்க எழுத்தர்.

எமில் போதோ 1845இல் ஒத்-மார்ன் மாவட்டத்தில் மஞ்யோ என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு ஆரம்பக் கல்வியோடு நின்றது. 1869இல் தந்தித் துறையில் சேர்ந்தார். ஒரே கம்பியில் பல செய்திகளை அனுப்பும் கருவிக்கு 1874இல் காப்புரிமை பெற்றார். 1877இல் அது பாரிஸ்-போர்தோ தடத்தில் வேலை செய்தது. மறுவருடம் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து குறிகள். ஒவ்வொன்றிலும் மின்சாரம் ஒரு விதமாகவோ மறு விதமாகவோ இருக்கும். அப்படி 32 சேர்க்கைகள் கிடைக்கும். தந்தி அனுப்புபவர் முன்னால் ஐந்தே ஐந்து விசைகள். இரண்டு இடது கைக்கு, மூன்று வலது கைக்கு. சுழலும் தூரிகை ஒன்று அவரவர் முறை வரும்போது கம்பியை அவரவர்க்குக் கொடுக்கும். முறை வந்ததைக் கருவி 'டக்' என்று ஒலித்துக் காட்டும். அந்தத் தாளத்துக்கு விரல் விழவேண்டும்.

இதில் ஆபத்து எங்கே என்றால், இரண்டு ஊர்களிலும் தூரிகை ஒரே வேகத்தில் சுழலவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒருவரின் எழுத்து மற்றொருவர் தாளில் விழும். ஆகவே வாங்கும் பக்கத்தைச் சற்றே கூடுதல் வேகத்தில் ஓடவிட்டு, அனுப்பும் பக்கத்திலிருந்து வரும் குறியால் ஒவ்வொரு முறையும் இழுத்துப் பிடித்தார்கள்.

பின்னால் வந்த டெலிபிரிண்டரில் இந்தத் தொல்லை குறைந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'தொடங்கு', பின்னால் 'நிறுத்து' என்று ஒரு குறி சேர்த்தார்கள். டொனால்ட் மரே திருத்திய ஐந்து குறி முறையே அதில் பயன்பட்டது. எழுத்திலிருந்து எண்ணுக்கு மாறும் குறி தவறுதலாகப் புகுந்துவிட்டால், 'பூர்' என்னும் நான்கெழுத்துப் பிரெஞ்சுச் சொல் 0974 என்று அச்சாகும்! கம்பியைச் சோதிக்க ஆர், ஒய் என்ற இரண்டு எழுத்துகளையும் மாற்றி மாற்றி வரிசையாக அனுப்புவார்கள். இவ்விரண்டிலும் ஐந்து குறிகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இது சுத்தமாக வந்தால் தடம் நல்ல தடம்.

1960இல் அமெரிக்காவில் வகுத்த ஆர்எஸ்-232 என்ற வரையறையைப் பின்பற்றிய சீரியல் போர்ட்டுகளிலும் அதே தொடங்கு-நிறுத்து முறைதான். கோளாறுகளும் அதே ஜாதி.

எங்கள் அலுவலகத்துக்கு முதல் பிரிண்டர் வந்தபோது சம்பளப் பட்டியலுக்குப் பதில் குப்பை எழுத்துகளாகக் கொட்டியது. மாதக் கடைசி. எல்லார் முகத்திலும் கவலை. பிரிண்டரே கெட்டுவிட்டது என்று கணக்குப் பிரிவு தீர்மானித்துவிட்டது. பழுதுபார்க்க வந்த இளைஞர் பிரிண்டரைத் தொடவில்லை. முதலில் கேபிளின் மறுமுனையைக் கழற்றி, இரண்டாம் ஊசியையும் மூன்றாம் ஊசியையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். கணிப்பொறி அனுப்பியது அதற்கே திரும்பி வந்தது. போர்ட்டும் கேபிளும் சரி. பிறகு இரண்டு பக்கத்து வேகத்தையும் பார்த்தார். ஒன்று 9600, மற்றது 4800. அதைச் சரிசெய்ததும் மாலைக்குள் பட்டியல் வந்துவிட்டது.

ஒன்றுமே வராவிட்டால் கம்பியைப் பார், குப்பையாக வந்தால் வேகத்தைப் பார் என்று அவர் சொன்னார். பாரிஸிலும் போர்தோவிலும் இருந்த எழுத்தர்கள் அந்த இரண்டாவது வார்த்தையை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். பேசுகிறவர்கள் இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். தாளம் ஒத்துப்போகாவிட்டால் பேச்சு விளங்காது.

போதோ 1903இல், 57 வயதில் காலமானார். பதவிப் பெயர்கள் எத்தனையோ மறந்துபோயின. அவருடைய பெயரின் முதல் பாதி மட்டும் வேகத்தின் அலகாக நிலைத்துவிட்டது. ஆரம்பக் கல்வியோடு வேலைக்கு வந்த ஓர் எழுத்தருக்கு இதைவிடப் பெரிய ஓய்வூதியம் வேண்டுமா?