கடாரம் என்னும் பெயர்

ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் காலத்தின் சுவடாகும். மலேசியத் தமிழர் பெருமையோடு நினைவுகூரும் ‘கடாரம்’, இன்றைய கெடா மாநிலத்தின் பண்டைத் துறைமுக நகரைச் சுட்டும் பெயராகும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் ‘காழகத்து’ ஆக்கத்தையும் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. அதற்குக் ‘கடாரம்’ என உரை கண்டவர் நச்சினார்க்கினியர். வடமொழி நூல்கள் இந்நகரைக் ‘கடாஹம்’ என்றன. 7ஆம் நூற்றாண்டில் இவ்வழியே பயணம் செய்த சீனத் துறவி இ-சிங்கும் அவ்வொலியைத் தழுவியே ஊரைக் குறித்தார். முதலாம் இராசராசன் அளித்த கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் ‘கடாஹம்’ எனவும், தமிழ்ப் பகுதியில் ‘கிடாரம்’ எனவும் ஒரே ஊர் இருவடிவில் நிற்கிறது. 1025இல் கடற்படை செலுத்திய முதலாம் இராசேந்திரன் ‘கடாரங்கொண்டான்’ எனப் போற்றப்பெற்றான்.

இம்மூன்று சொற்களும் பெருங்கொப்பரையையும் குறிக்கும். திருவிழா அன்னதானத்திற்குச் சோறு வேகும் கிடாரமும் அதுவே. ஆயினும், கொப்பரையே ஊருக்குப் பெயர் தந்தது எனத் துணிதல் பொருந்தாது. மண்ணின் மக்கள் வழங்கிய பெயரை, வந்த வணிகர் தத்தம் மொழிச் சொல்லாக்கிக் கொள்வது உலக இயல்பு. ‘மூவார்’ என்பதும் தமிழ்ச் செவிக்கு ‘முதுமை அடையாதவர்’ என ஒலிக்கும். எனினும் அதனை ஆற்றுமுகத்தைக் குறிக்கும் ‘முவாரா’ என்ற மலாய்ச் சொல்லோடு இணைப்பாரே பலர்.

கடாரம் எம்மொழியில் பிறந்ததாயினும் ஆகுக. பல நூற்றாண்டுகள் அது தமிழர் நாவில் வாழ்ந்தது என்பதற்குக் கல்லும் செம்பும் சான்று பகர்கின்றன. பூஜாங் பள்ளத்தாக்கில் எஞ்சி நிற்கும் கோயில் அடித்தளங்களைக் காணச் செல்லும் இளந்தலைமுறைக்கு அச்சான்றே போதிய பெருமையாகும்.