மலைமேல் வீடு, படத்தில் மைதானம்

மலைமேல் ஒரு வீடு. ஜன்னலைத் திறந்தால் பச்சைப் பசேலென்று கோல்ஃப் மைதானம். அதற்குப் பின்னால் நீல நிறத்தில் மலைத்தொடர். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? அமெரிக்காவில் இந்தக் கனவை நூறு ஆண்டுகளாக மனை பிரித்து விற்று வருகிறார்கள். பலர் வாங்கி சுகமாக வாழ்ந்தார்கள். பலருக்குப் பணம் போனதுதான் மிச்சம். இருவரும் பார்த்த விளம்பரப் படம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு வித்தியாசம் எங்கே வந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

எல்லா மலைகளையும் அளக்க வேண்டாம். ஒரே இடத்தை எடுத்துக்கொள்வோம். வட கரோலினா மாநிலத்தின் மேற்கு ஓரம், ஆஷ்வில் நகரமும் அதைச் சுற்றியுள்ள ப்ளூ ரிட்ஜ் மலைகளும். இங்கே 1920-களில் ஒரு மனை மோகம் வந்து அடங்கியது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அதே மலையில் இன்னொன்று வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்!

கொசுவுக்குப் பயந்து மலை ஏறியவர்கள்

இந்த மலைகள் செரோக்கி பழங்குடியினரின் நிலம். 1838-ல் அவர்களில் பெரும்பாலோரை ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள். அதற்கு முன்பே செல்வந்தர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கடற்கரை நகரமான சார்ல்ஸ்டனின் பண்ணை முதலாளிகள் கோடை வெயிலுக்கும் மலேரியாவுக்கும் பயந்து, 1820-களின் பிற்பகுதியிலிருந்து ஃப்ளாட் ராக் என்ற ஊரில் கோடைக்கால மாளிகைகள் கட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறிய அதே காரணம்தான்.

1880-ல் ஆஷ்வில்லுக்கு ரயில் வந்தது. மலையைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்டவர்கள் சிறைக் கைதிகள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் அந்த வேலையிலேயே மாண்டார்கள். ரயில் வந்த பிறகு மலை எல்லோருக்கும் எட்டும் தூரமானது. எல்லோருக்கும் என்றால் பணம் உள்ள எல்லோருக்கும்!

அப்படி வந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஜார்ஜ் வாண்டர்பில்ட். ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கி, நடுவில் 250 அறைகள் கொண்ட பில்ட்மோர் மாளிகையைக் கட்டி 1895-ல் குடியேறினார். இன்னொருவர் எட்வின் வைலி க்ரோவ். இவர் மலேரியாவுக்கான கொய்னா மருந்தைக் கசப்புத் தெரியாமல் தயாரித்து விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். முதலில் கொசுக்கடிக்கு மருந்து விற்றார். பிறகு கொசு இல்லாத மலைக்காற்றையே மனை போட்டு விற்றார். 1913-ல் இவர் திறந்த க்ரோவ் பார்க் விடுதி இன்றும் ஆஷ்வில்லில் இருக்கிறது.

முதல் மோகம்: 1920-கள்

வாண்டர்பில்ட் 1914-ல் இறந்தார். அவர் மனைவி ஈடித் சுமார் 87,000 ஏக்கர் காட்டை மத்திய அரசுக்கு விற்றார். பிஸ்கா தேசிய வனம் அப்படி உருவானதுதான். மீதி நிலத்தில் ஒரு பகுதியை 1920-களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனம் வாங்கி, பில்ட்மோர் ஃபாரஸ்ட் என்ற குடியிருப்பை அமைத்தது. நடுவில் கோல்ஃப் மைதானம், சுற்றிலும் வீட்டு மனைகள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த புகழ்பெற்ற மைதான வடிவமைப்பாளர் டொனால்ட் ராஸ் அமைத்த மைதானம் 1922-ல் வந்தது. 1923-ல் அந்தக் குடியிருப்பு தனி ஊராட்சியாகவே பதிவு பெற்றது.

இந்த இரண்டு ஆண்டுகளையும் கவனியுங்கள். வீடு வாங்க வந்தவர் மைதானத்தைப் படத்தில் பார்க்கவில்லை, நேரில் நடந்து பார்த்தார். ஊராட்சி ஆகிவிட்டதால் சாலையும் காவலும் மனை விற்றவரின் நல்லெண்ணத்தை நம்பி நிற்கவில்லை. அந்த ஊர் இன்றும் இருக்கிறது, மைதானமும் இருக்கிறது. இதே போல் ஹைலாண்ட்ஸ் என்ற மலையூரிலும் 1928-ல் டொனால்ட் ராஸ் அமைத்த மைதானத்தோடு ஒரு கிளப் தொடங்கியது. கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸ் அங்கே உறுப்பினர். அதுவும் இன்றுவரை நடக்கிறது.

ஆனால் எல்லோரும் இப்படிப் பொறுமையாகக் கட்டவில்லை. 1920-களின் நடுவில் ஃப்ளோரிடாவில் நிலத்தின் விலை தாறுமாறாக ஏறியது. அங்கே சம்பாதித்த பணமும், அங்கே பழகிய விற்பனை வித்தைகளும் மலைக்கு வந்தன. ஆஷ்வில்லுக்குத் தெற்கே ஹெண்டர்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல), லாரல் பார்க் மலை உச்சியில் ஃப்ளீட்வுட் என்ற 15 மாடி விடுதி எழும் என்றார்கள். அதை நம்பி மனைகள் விற்றன. எஃகுச் சட்டமும் எழுந்தது. 1926-ல் ஃப்ளோரிடா சரிந்தது, கூடவே அந்த ஆண்டு செப்டம்பரில் மயாமியைப் பெரும் புயல் தாக்கியது. மலைக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. விடுதி முடியவே இல்லை. 1930-களில் அந்த எலும்புக்கூட்டைப் பிரித்து எடுத்துப் போனார்கள்.

உச்சகட்டம் 1930 நவம்பர் 20. ஆஷ்வில்லின் மிகப்பெரிய வங்கியான சென்ட்ரல் பேங்க் அண்ட் டிரஸ்ட் கதவை மூடியது. மனை மோகத்தில் கடன் கொடுத்த வங்கி அது. நகராட்சியின் பணமும் கவுண்டியின் பணமும் அங்கேதான் இருந்தன. வளர்ச்சி தொடரும் என்று நம்பி நகராட்சி வாங்கிய கடன் மட்டும் தலைமேல் நின்றது. அதைக் கட்டி முடித்த ஆண்டு எது தெரியுமா? 1976! மனை வாங்கியவர்கள், விற்றவர்கள், வாங்காதவர்கள் எல்லோரின் பிள்ளைகளும் சேர்ந்து கட்டினார்கள்.

ஆஷ்வில்காரரான நாவலாசிரியர் தாமஸ் வுல்ஃபின் தாயார் ஜூலியா, தங்கும் விடுதி நடத்திக்கொண்டே மனை வாங்கி விற்றவர். மகனின் மறைவுக்குப் பிறகு 1940-ல் வெளியான நாவலில் இந்த மோகமும் சரிவும் வேறு ஊர்ப்பெயரில் இடம்பெற்றிருக்கின்றன.

பத்திரத்தில் எழுதிய சுவர்

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கக் குடியிருப்புகளின் பத்திரங்களில் நிறைய நிபந்தனைகள் உண்டு. வீட்டுக்கு என்ன நிறம், எவ்வளவு இடம் விட வேண்டும், கோழி வளர்க்கலாமா... இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. யார் அங்கே குடியிருக்கக் கூடாது என்பது.

1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இன்னின்ன தெருவில் இன்னின்ன இனத்தார்தான் வசிக்கலாம் என்று நகராட்சி சட்டம் போட முடியாது என்றது. உடனே அதே தடையைத் தனியார் பத்திரங்களில் எழுதத் தொடங்கினார்கள். 1926-ல் நீதிமன்றம் அதைத் தடுக்க மறுத்தது. 1948-ல்தான் அப்படிப்பட்ட நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தரக்கூடாது என்ற தீர்ப்பு வந்தது. 1968-ல் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாடு காட்டுவதே சட்ட விரோதமானது. பல பத்திரங்களில் "காகேசியன் அல்லாதவர்" என்றே எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லில் நாமும் அடக்கம்! இன்று ஷார்லட்டிலோ அட்லாண்டாவிலோ வேலை செய்யும் நம்மவர் ஒருவர் அந்த மலையில் வீடு பார்க்கப் போகிறார் என்றால், அதற்குப் பின்னால் கறுப்பினத்தவர் பல ஆண்டுகள் நடத்திய வழக்குகள் இருக்கின்றன.

1968-ல் இன்னொரு சட்டமும் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் மனை விற்கும் பெரிய நிறுவனங்கள், நிலத்தின் உண்மை விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்பது. பார்க்காமலே மனை வாங்கி ஏமாந்தவர்கள் அவ்வளவு பேர்.

இரண்டாவது மோகம்: 2000-கள்

ஒரு சின்னக் கணக்கு. 18 குழி மைதானத்துக்கு ஏறத்தாழ 150 ஏக்கர் வேண்டும். மலைச்சரிவில் அதை அமைக்கப் பாறை உடைக்க வேண்டும், மண் நிரப்ப வேண்டும். கோல்ஃப் ஆட வருபவர் தரும் கட்டணத்தில் அந்தச் செலவைச் சீக்கிரம் எடுக்க முடியாது. பிறகு ஏன் கட்டுகிறார்கள்? மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும் மனைக்கு விலை அதிகம். மைதானம் என்பது மனையை விற்க வைத்த தூண்டில். எல்லா மனையும் விற்ற பிறகு தூண்டிலை யார் பராமரிப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

2000-களில் கடன் மலிவாகக் கிடைத்தது. ஓய்வு பெறும் தலைமுறை மலையைத் தேடி வந்தது. அதே ஹெண்டர்சன் கவுண்டியில் செவன் ஃபால்ஸ் என்ற குடியிருப்பை அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள், ஆற்றங்கரை, ஆர்னால்ட் பாமர் பெயரில் கோல்ஃப் மைதானம். பாமர் என்றால் கோல்ஃப் தெரியாதவர்களுக்கும் தெரிந்த பெயர். மைதானத்தின் வடிவமைப்புதான் அவருடையது, பண விவகாரத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு அந்தப் பெயரே உத்தரவாதமாகத் தெரிந்தது.

2008-ல் பணம் வற்றியது. மைதானம் முடியவில்லை. உள்ளே நடந்தது பிறகு வழக்கு விசாரணையில் வெளிவந்தது. பினாமிகள் பெயரில் மனைக்கடன் வாங்கி, அந்தப் பணத்தைத் திட்டத்துக்குள் திருப்பியிருக்கிறார்கள். உள்ளூர் வங்கி அதிகாரிகள் சிலரும் உடந்தை. திட்டத்தின் தலைவரை 2013-ல் நடுவர் குழு குற்றவாளி என்றது. 2015-ல் அவருக்கு 18 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2011-ல் மட்டும் ஆஷ்வில்லின் இரண்டு வங்கிகள், பேங்க் ஆஃப் ஆஷ்வில் ஜனவரியிலும் ப்ளூ ரிட்ஜ் சேவிங்ஸ் பேங்க் அக்டோபரிலும், மூடப்பட்டன. 1926, 1930, 2008, 2011... அதே கவுண்டி, அதே நகரம்!

ஒரே ஒரு நல்ல வித்தியாசம் இருந்தது. சாலை, குடிநீர், சாக்கடை வேலைகளை முடிக்காமலே மனை விற்க வேண்டுமானால், அந்த வேலைகளுக்கு ஈடாக ஒரு ஜாமீன் பத்திரம் தர வேண்டும் என்று கவுண்டி விதித்திருந்தது. திட்டம் நின்றதும் ஜாமீன் கொடுத்த காப்பீட்டு நிறுவனத்திடம் வாதாடி 60 லட்சம் டாலர் வாங்கியது. போட்ட முதல் அத்தனையும் திரும்பவில்லை. ஆனால் 1926-ல் லாரல் பார்க்கில் மனை வாங்கியவருக்கு இந்த அளவுகூடக் கிடைக்க வழியில்லை.

மலையும் நகரும்

2004 செப்டம்பரில், ஹைலாண்ட்ஸ் இருக்கும் அதே மேக்கன் கவுண்டியில், பீக்ஸ் க்ரீக் என்ற இடத்தில் நிலச்சரிவு வந்து 5 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே எந்தச் சரிவு ஆபத்தானது என்று மாநில அரசு வரைபடம் போடத் தொடங்கியது. நிலத்தின் விலை குறையும் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2011-ல் சட்டமன்றம் நிதியை நிறுத்திவிட்டது. 2018-ல்தான் வேலை மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் வந்தபோது இந்த மலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலச்சரிவுகள். அந்த மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டு விலையைக் காப்பாற்ற வரைபடத்தை மடித்து வைக்கலாம். மலை அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சரிவதில்லை.

சரி, என்னதான் பாடம்?

இப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்குபவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று மனை, அதற்குப் பத்திரம் உண்டு. இன்னொன்று மைதானம், கிளப், சாலை, தண்ணீர் எல்லாம் வரும் என்ற வாக்குறுதி. விலையில் பெரும்பகுதி இரண்டாவதற்குத்தான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் பத்திரம் இருப்பதில்லை. பில்ட்மோர் ஃபாரஸ்ட்டில் வாங்கியவருக்கு அந்த வாக்குறுதி ஏற்கெனவே நிறைவேறி இருந்தது. செவன் ஃபால்ஸில் வாங்கியவருக்கு அது வழவழப்பான தாளில் அச்சடித்த படமாக இருந்தது.

அதனால் வரலாறு சொல்லித்தரும் கேள்விகள் நான்கு. மைதானம் முடிந்துவிட்டதா, முடியப் போகிறதா? அது யார் பெயரில் இருக்கிறது, உறுப்பினர் பெயரிலா, விற்பவர் பெயரிலா, அதன்மேல் கடன் உண்டா? சாலைக்கும் தண்ணீருக்கும் ஜாமீன் பத்திரம் இருக்கிறதா, எவ்வளவுக்கு? நிலச்சரிவு வரைபடத்தில் இந்த மனை எங்கே விழுகிறது? நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், முதல்ல அட்வான்ஸ் போடுங்க" என்று பதில் வந்தால், லாரல் பார்க் உச்சியில் நின்ற அந்த எஃகு எலும்புக்கூட்டை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காற்றுக்கு இன்னும் யாரும் பத்திரம் போடவில்லை. அதை மட்டும் ஒரு நாள் போய் நின்று சும்மாவே வாங்கி வரலாம்!